கரைப்பது வேறு, எடுப்பது வேறு: டபுள் பாஸ் வில்முடியில் ஏறிய ரோஸின்

சித்திரை மாதத்தில் சேலத்தில் மதியம் மூன்று மணிக்கு டபுள் பாஸ் ரோஸின் டப்பாவைத் திறந்து பாருங்கள். (டபுள் பாஸ் வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியம்; அதன் வில்லில் கட்டிய குதிரை முடி தந்தியைப் பிடிப்பதற்காகத் தேய்க்கும் பைன் பிசின்தான் ரோஸின்.) எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்ததோ அந்தப் பக்கம் ஒழுகியிருக்கும். காலையில் வட்டக் கட்டியாக இருந்தது மூடியின் மரைக்குள் இறங்கி, சுற்றியிருந்த துணியையும் கவ்விக்கொண்டு, வெல்லப்பாகு போல உட்கார்ந்திருக்கும். அதே டப்பாவோடு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்தால், இரவில் விரலால் அழுத்தினாலும் சுலபத்தில் தடம் விழாது. டப்பாவுக்குள் நடக்கும் இந்த மாற்றம் வில்லின் முடியிலும் அப்படியே நடக்கிறது. வெயிலில் இளகி முடியோடு முடியை ஒட்டும், குளிரில் இறுகிப் பொருக்காகும், மறுநாள் திரும்ப இளகும். ஒரு கோடை முழுக்க இப்படிப் போனால் முடியில் ஏறியிருப்பது ரோஸின் என்று சொல்வதைவிடப் பிசுக்கு என்று சொல்வதுதான் சரி.

வயலின் வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. அவர்கள் ரோஸின் கண்ணாடி மாதிரி. சுரண்டினால் வெள்ளைப் பொடியாக உதிரும், துணியால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். பாஸுக்கு அது போதாது. பாஸின் திறந்த இ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. வில்முடி அந்தத் தடித்த தந்தியை நொடிக்கு 41 முறை பிடித்து இழுத்து, 41 முறை நழுவ விட வேண்டும். அந்தப் பிடி கிடைக்கத்தான் பாஸ் ரோஸினில் எண்ணெய், மெழுகு வகைகளைச் சேர்த்து இளக்கமாகச் செய்கிறார்கள். இளக்கமாக இருப்பதால் பொடியாக உதிராது, ஒட்டிக்கொண்டே இருக்கும். பிடியைக் கொடுக்கும் குணம்தான் பிசுக்கையும் கொடுக்கிறது. ஆகவே பாஸ் வில்லைத் துடைப்பது நல்ல ரோஸின் வாங்கிவிட்டால் தீர்ந்துபோகிற வேலை இல்லை. வாசிக்கிற வரைக்கும் கூடவே வரும்.

துடைக்க உட்காருவதற்கு முன் முடியில் இருப்பது என்னவென்று பார்த்துவிட வேண்டும். மூன்று விதமான படிவு உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. வில்லின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி, முடியை வாசிக்கும் அளவுக்கு முறுக்கி, சன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடியுங்கள். முடி மேல் வெள்ளைத் தூள் மட்டும் இருந்தால் அது அழுக்கே இல்லை. உலர்ந்த துணி போதும். முடிகள் தனித்தனியாக இல்லாமல் நாலைந்து சேர்ந்து சவ்வரிசிக் கூழ் காய்ந்த நூல் போல விறைத்து, இடையிடையே தேன் நிற மணிகள் கோத்தது போல இருந்தால் அதுதான் நாம் பேசும் பொருக்கு. வாசித்துப் பார்த்தாலும் தெரியும்: நீளமாக இழுக்கும்போது ஒலி ஒரே சீராக வராது. ஓரிடத்தில் வறட்டென்று உராயும், அடுத்த இடத்தில் வழுக்கும், இன்னும் ரோஸின் போட்டாலும் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று மேலே மேலே போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மூன்றாவது, ஃப்ராக் (வில்லைக் கையால் பிடிக்கும் முனையில் முடியைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் ஐந்தாறு சென்டிமீட்டருக்குக் கறுத்துச் சாம்பல் நிறமாக இருப்பது. அது கை வியர்வையும் எண்ணெயும். நம் ஊரில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, தலையைக் கோதிய கையோடு வில்லைத் தொடுவது சாதாரணம். எண்ணெய் பட்ட முடியில் ரோஸின் பிடி கொடுக்காது. அந்த இடம் மட்டும் எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

எதனால் கரைக்கலாம் என்பதற்கு ரோஸின் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பைன் மரத்தைக் கீறி வடியும் பிசினைக் காய்ச்சினால் ஆவியாகிப் போவது டர்ப்பன்டைன், சட்டியில் மிஞ்சுவது ரோஸின். இந்தியாவில் இது இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைன் மரத்திலிருந்து வருகிறது. (சேர்வராயன் மலையில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சில்வர் ஓக் பைனும் அல்ல, பெயரில் இருக்கும் ஓக்கும் அல்ல.) ரோஸினின் பெரும்பகுதி அபியடிக் அமிலமும் அதன் உறவுக்கார அமிலங்களும். தண்ணீரில் கரையாது, சாராய வகைகளில் நன்றாகக் கரையும், எண்ணெயிலும் கரையும்.

எண்ணெயில் கரையும் என்பதைப் படித்ததும் நம் கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்குப் போகும். பலாப்பழம் அரியும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நமக்குப் பழக்கம். பலாப் பிசினை எடுப்பது எண்ணெய்தானே! கையில் ஒட்டிய ரோஸினுக்கும் அதுவே சிறந்த மருந்து: நாலு சொட்டு எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். ஆனால் வில்முடியில் எண்ணெய் பட்டால் அந்த முடியின் கதை முடிந்தது. ரோஸின் கரைந்து போகும், எண்ணெய் தங்கிவிடும். மண்ணெண்ணெய், டர்ப்பன்டைன், பெயின்ட் தின்னர் எல்லாவற்றுக்கும் இதே தடை. முதல் இரண்டும் எண்ணெய்ப்பசையை விட்டுச் செல்லும். தின்னர் வில்லின் மரக்குச்சியில் இருக்கும் வார்னிஷைச் சேர்த்து உரிக்கும். நகப்பூச்சு எடுக்கும் திரவத்தில் அசிட்டோன் இருக்கும், அதுவும் ஆகாது.

வேண்டியது ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ பாட்டில் இதுதான். 100 மில்லி பாட்டில் வாங்கினால் மூன்று தடவைக்கு வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பலவும் 70 சதவீதம், மிச்சம் தண்ணீர். சிலவற்றில் தோலுக்கு இதமாக வேறு சேர்மானமும் இருக்கும். லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஹேண்ட் சானிடைசர் வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைத்தேய்ப்புச் சூத்திரத்திலேயே 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. கிளிசரால் ஆவியாகாது. முடி மேல் மெல்லிய வழவழப்பாக உட்கார்ந்து, காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

70-க்கும் 99-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் அரை டீஸ்பூன் 99 சதவீத ஐபிஏ ஊற்றி, மிளகு அளவு ரோஸினைப் பொடித்துப் போட்டுக் கரையுங்கள். தெளிந்த தேன் நிறத்தில் இருக்கும். அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சில சொட்டுகளிலேயே பால் போல வெளுத்து, சற்று நேரத்தில் கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளைப் பிசினாக ஒட்டும். கரைந்த ரோஸின் தண்ணீரைக் கண்டதும் திரும்ப வெளியே வந்துவிட்டது. 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்த முடி வெளுத்த பசையோடு நிற்பதற்கு இதுதான் காரணம். முதலில் ஆல்கஹால் ஆவியாகிப் போகும், தண்ணீர் பின்தங்கும், பாதி கரைந்த ரோஸின் முடி மேலேயே வெளிப்படும்.

அந்தக் கிண்ணத்தைக் கழுவாமல் அப்படியே காயவிட்டுப் பாருங்கள். தண்ணீர் விடாமல் வெறும் ஐபிஏ கரைசலைக் காயவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். அடியில் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும். போட்ட ரோஸின் எங்கும் போகவில்லை. ஆல்கஹால் ரோஸினைக் கரைக்கும், ஆனால் எடுத்துக்கொண்டு போகாது. எடுப்பது துணி. வில்முடியை ஐபிஏவில் நனைத்துக் காயவிட்டால், மணிமணியாக இருந்த பொருக்கு மெல்லிசாகப் பரவி, எல்லா முடியையும் ஒரே பட்டையாக ஒட்டிவிடும். "ஆல்கஹால் போட்டேன், முன்பைவிட மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான். ஆகவே இந்த வேலையில் ஆல்கஹாலைவிடத் துணி முக்கியம்.

துணிக்குப் பழைய பருத்தி வேட்டி போல வேறொன்றும் இல்லை. பல வருடம் துவைத்து நூல் இளகிய நாலு முழ வேட்டி நன்றாக உறிஞ்சும், பிசிறு விடாது. புது வேட்டியைக் கிழிக்காதீர்கள். நெய்யும்போது பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் இருக்கும். கஞ்சி ஐபிஏவில் கரையாது, துணியையும் உறிஞ்ச விடாது. புதுத்துணிதான் இருக்கிறது என்றால் மூன்று முறை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம். உள்ளங்கை அகலத்தில் பன்னிரண்டு துண்டுகள் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். குறைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி ஆல்கஹால் படக் கூடாத இடங்கள். முதலாவது குச்சி. நல்ல மரக்குச்சிகள் பலவற்றுக்கும் அவலரக்கு கலந்த ஸ்பிரிட் வார்னிஷோ பிரெஞ்சு பாலிஷோ போட்டிருப்பார்கள். அவலரக்கைக் கரைக்கும் திரவமே ஆல்கஹால்தான். ஒரு சொட்டுப் பட்டால் அந்த இடம் உடனே இளகும். அப்படிப் பட்டுவிட்டால் பதறித் துடைக்காதீர்கள். துடைத்தால் இளகிய வார்னிஷ் துணியோடு வந்துவிடும். தொடாமல் விட்டால் பெரும்பாலும் மங்கலான ஒரு வட்டத்தோடு தப்பிக்கலாம். கார்பன் ஃபைபர் குச்சி இவ்வளவு பயப்படாது என்றாலும் அதன் மேல்பூச்சை நம்பி விளையாட வேண்டியதில்லை, அதையும் மூடித்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது இடம் வெளியே தெரியாது, அதனால்தான் அதிகம் கெடுகிறது. முடிக்கற்றையின் இரண்டு நுனிகளையும் நூலால் இறுகக் கட்டி, ரோஸின் பொடியில் தோய்த்து, நெருப்பில் காட்டி முடிச்சுப் போட்டிருப்பார்கள். சுட்ட முடி நுனி தடித்து, உருகிய ரோஸினோடு சேர்ந்து, நூல் நழுவாமல் நிற்கும். அந்த முடிச்சு வில்லின் தலையில் (ஃப்ராக்குக்கு எதிர்முனையில்) ஒரு குழியிலும் ஃப்ராக்கில் இன்னொரு குழியிலும் உட்கார்ந்திருக்கும். மேலே மர ஆப்பு அடித்திருக்கும். ஃப்ராக்கின் உலோக வளையத்துக்குள் முடியை அகலமாக விரித்துப் பிடிக்கவும் மெல்லிய ஓர் ஆப்பு உண்டு. ஆல்கஹால் முடி வழியே ஊறி இந்தக் குழிக்குள் போனால், நாம் எடுக்க நினைத்த ரோஸினோடு முடிச்சைப் பிடித்திருக்கும் ரோஸினும் கரையும். ஒரு வாரம் கழித்து முடி ஒவ்வொன்றாகக் கழன்று வரும். தண்ணீர் போனால் ஆப்பு ஊதும், தலை விண்டுபோகும் அபாயம்கூட உண்டு. காய்ந்த பிறகு ஆப்பு சுருங்கித் தளரும். எனவே வளையத்திலிருந்து 3 சென்டிமீட்டர், தலையிலிருந்து 3 சென்டிமீட்டர், இரண்டுமே ஈரம் படாத எல்லை. வில்லை நிமிர்த்தித் தொங்கவிட்டு நனைப்பதும் இதனால்தான் கூடாது. ஈரம் வழிந்து நேராக வளையத்துக்குள் இறங்கும். எப்போதும் படுக்கைவசம்தான்.

ஈர வேலைக்கு முன் உலர் வேலை. பாதி வில்களுக்கு இதுவே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். இதைத் தாண்டி நேரே பாட்டிலைத் திறப்பவர்கள் தேவையில்லாத ஆபத்தை வாங்கிக்கொள்கிறார்கள். வில்லை வாசிப்பதைவிட ஒரு சுற்று அதிகமாக முறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெளியே அல்லது சன்னல் ஓரமாக உட்கார்ந்து, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ரோஸின் தூசி சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் இளைப்பையும் கிளப்பும். புதிய, நடுத்தரப் பல்தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, முடியின் நீளவாக்கில் ஃப்ராக்கிலிருந்து தலை நோக்கிச் சிறுசிறு இழுப்பாகத் தேயுங்கள். முடியின் அடிப்பக்கத்தில் இடது கை விரலுக்கு ஒரு துணியைச் சுற்றித் தாங்கு கொடுங்கள். குறுக்குவாட்டில் தேய்க்காதீர்கள், முடி அறும். பொருக்கு உடைவதைக் காதால் கேட்கலாம், மெல்லிய சரசரப்பு. பின்னர் பேன் சீப்பு. அதன் நெருக்கமான பற்களை முடிக்குள் செங்குத்தாகச் செலுத்தி, ஒரு விரல் நீளம் மட்டும் இழுத்து எடுங்கள். சிக்கு இருக்கும் இடத்தில் வலுக்கட்டாயம் செய்யாமல், தலை சிக்கெடுப்பது போல நுனியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மரச்சீப்போ உலோகச் சீப்போ நல்லது. பிளாஸ்டிக் உரசி மின்னேற்றம் ஆனால் தூசியைத் திரும்ப முடியில் ஒட்டவைக்கும்.

இந்த உலர் வேலையைக் காலையில் வெயில் ஏறும் முன் செய்ய வேண்டும். சேலத்துப் பிற்பகல் வெப்பத்தில் பாஸ் ரோஸின் இளகி இருக்கும். பிரஷ் அதை உடைக்காது, இழுத்துப் பூசும். இங்கேதான் ஏற்காட்டுக்காரர்களுக்கு வசதி: குளிர்ந்த ரோஸின் பளிச்சென்று உடைந்து உதிரும். மலையில் இருப்பவர் உலர் வேலையிலேயே முக்கால்வாசி எடுத்துவிடலாம். ஈர வேலைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ஐபிஏ ஆவியாகும்போது முடி குளிரும். பனிமூட்டம் சூழ்ந்த நாளில் அந்தக் குளிர்ந்த முடியில் காற்றின் ஈரம் படிந்து, மேலே சொன்ன பால் வெளுப்பு வந்துவிடும். மூட்டம் விலகி வெயில் வந்த நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது.

இப்போது ஈர வேலை. குச்சியின் உட்பக்கத்தைத் தலையிலிருந்து ஃப்ராக் வரை பார்சல் கட்டும் அலுமினியம் ஃபாயிலால் மூடுங்கள். வெறும் ஃபாயில் கீறும் என்று பயந்தால் உள்ளே ஒரு பட்டை துணி வைக்கலாம். ஃப்ராக்கையும் குச்சியில் கட்டைவிரல் படும் இடத்துத் தோல் உறையையும் கிளிங் ஃபிலிம் சுற்றி மூடுங்கள். வளையத்தை ஒட்டி முடி மேல் உலர்ந்த துணிப் பட்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள், ஊறி வரும் ஈரத்தை அது குடிக்கும். வில்லை முடி கீழே இருக்கும்படி பிடியுங்கள். சொட்டு விழுந்தால் தரையில் விழட்டும், குச்சியில் விழக் கூடாது. முறுக்கு லேசாக, முடி தொய்யாமல் நிற்கும் அளவுக்கு மட்டும்.

நெருப்பைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். ஐபிஏவின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு எழும். ஏற்காட்டுக் குளிர் என்று அலட்சியம் வேண்டாம். அதே அறையில் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

பாஸ் வில்லின் முடி ஏறத்தாழ 55 சென்டிமீட்டர். இரண்டு ஓரத்து எல்லையையும் கழித்தால் மிஞ்சுவதை மனதுக்குள் நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். ஒரு துணித் துண்டை நாலாக மடித்து அதில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக ஐபிஏ விடுங்கள். நனைந்திருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. பாட்டிலை முடி மேல் நேரடியாகக் கவிழ்ப்பது ஒருபோதும் கூடாது. நனைத்த துணியால் முடிப்பட்டையை மேலும் கீழுமாகக் கவ்விப் பிடித்துப் பத்து எண்ணுங்கள். பொருக்கு இளகுவதை விரலால் உணரலாம். விறைப்பாக இருந்த பட்டை திடீரென்று குழையும். உடனே, ஒரு நொடியும் தாமதிக்காமல், மறு கையில் இருக்கும் உலர்ந்த துணியால் அதே இடத்தைக் கவ்வி, அழுத்தி இழுத்து எடுங்கள். உலர்துணியில் தேன் நிறக் கோடு விழும். அந்தக் கோடுதான் நீங்கள் எடுத்த ரோஸின். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை. கறை பட்ட இடத்தால் திரும்பத் துடைத்தால் எடுத்ததைத் திருப்பிப் பூசுகிறீர்கள்.

கோடையில் சேலத்தில் இதைச் செய்யும்போது வேகம் வேண்டும். மின்விசிறி நேராக அடித்தால் நனைத்த முடி கண் எதிரே காய்ந்துவிடும், துடைக்க நேரம் இருக்காது. விசிறியை நிறுத்திவிட்டுச் சன்னல் காற்றை மட்டும் விடுங்கள். ஒரு பகுதிக்கு மூன்று அல்லது நான்கு முறை நனைத்து எடுக்க வேண்டிவரும். தேன் நிறம் வெளிறி, துணியில் கறையே விழாத நிலை வந்ததும் அந்தப் பகுதி முடிந்தது. முழு வில்லுக்கும் 25 முதல் 30 மில்லிக்கு மேல் செலவானால் எங்கோ அதிகமாக நனைக்கிறீர்கள். நாலு பகுதியும் முடிந்து லேசான ஈரம் இருக்கும்போதே சீப்பை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஒட்டியிருக்கும் நாலைந்து முடிகளும் அப்போதுதான் சிரமமில்லாமல் பிரியும்.

ஃப்ராக் பக்கத்துக் கறுப்பு மிச்சம். நாம் வகுத்த 3 சென்டிமீட்டர் எல்லைக்குள் அதன் ஒரு பகுதி இருக்கும். அங்கே நனைத்துப் பிடிக்கக் கூடாது. துணியின் முனையை விரல்நுனியில் சுற்றி, அதில் மூன்று சொட்டு மட்டும் விட்டு, வளையத்திலிருந்து விலகும் திசையில் ஒரே இழுப்பு. பின்னும் முன்னும் தேய்க்கக் கூடாது. ஐந்தாறு இழுப்பில் பாதிக் கறுப்புப் போகும். மீதியை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் வாசிப்பதே அபூர்வம், அழகுக்காக முடிச்சைப் பணயம் வைக்க வேண்டாம்.

பொருக்கு மிக மோசமாக இருந்தால் ஃப்ராக்கைக் கழற்றிச் செய்யும் முறை ஒன்று உண்டு. பின்னால் இருக்கும் திருகை முழுக்கக் கழற்றினால் ஃப்ராக் குச்சியிலிருந்து விடுபட்டு முடியோடு வரும். அப்போது முடியைக் குச்சியிலிருந்து நன்றாக விலக்கி, இடையில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து நிதானமாக வேலை பார்க்கலாம். எச்சரிக்கை இரண்டு. ஃப்ராக் ஒரு சுற்றுச் சுழன்றால் முடிப்பட்டை முறுக்கிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது கவனிக்காவிட்டால் ஒரு பக்க முடி தளர்ந்தும் மறு பக்கம் இறுகியும் நிற்கும். அடுத்தது, கழற்றிய திருகை உடனே வெறும் குச்சிக்குள் செருகி வைத்துவிடுங்கள், தொலையாது. ஃப்ராக்குக்குள் இருக்கும் சிறு பித்தளை மரையைத் திருப்பாதீர்கள், அதன் ஆழம் மாறினால் ஃப்ராக் குச்சியோடு சரியாக உட்காராது. இந்தச் சமயத்தில் திருகின் மரையில் சேர்ந்திருக்கும் தூசியைப் பிரஷால் தட்டி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசிவிட்டு மாட்டினால் முறுக்குவது லகுவாக இருக்கும்.

சோப்புத் தண்ணீரில் அலசலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். ரோஸின் ஓர் அமிலம் என்பதால் காரத்தன்மையுள்ள சோப்பு அதை ஓரளவு தன்பக்கம் இழுக்கும். எண்ணெய்ப்பசையைப் போக்குவதில் ஐபிஏவைவிடச் சோப்பே மேல். ஆனால் தடித்த பொருக்கைச் சோப்பு அசைக்காது. தண்ணீர் குடித்த முடி நீளும், ஆப்புக்கு ஈரம் போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். முடி முழுக்க எண்ணெய் பட்டுவிட்டது, முடி மாற்றும்வரை எப்படியாவது ஓட்ட வேண்டும் என்ற நிலையில் மட்டும், நடுப்பகுதிக்கு மட்டும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஷாம்பு கலந்து துணியால் தொட்டுத் துடைக்கலாம். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் மூன்று முறை. சீயக்காயும் அரப்பும் வேண்டாம். சீயக்காய் லேசான அமிலத்தன்மை உடையது, ரோஸினை எடுக்காது. இரண்டின் தூளும் முடிக்குள் தங்கிவிடும். ஹேர் டிரையர் எந்த நிலையிலும் கூடாது. சூட்டில் முடி சுருங்கும், மிஞ்சிய ரோஸின் உருகிப் பரவும்.

காயவைப்பது வில்லைத் தளர்த்தி, படுக்கைவசத்தில், நிழலில். ஐபிஏ மட்டும் பட்ட முடிக்குச் சேலத்துக் கோடையில் அரை மணி நேரம் தாராளம். மலையில் மழைக்காலத்தில் மூன்று மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பட்டிருந்தால் இரண்டு ஊரிலும் ஒரு இரவு. குதிரை முடி ஈரத்தில் நீளும், வறட்சியில் குறுகும் என்பதை மலைக்கும் சமவெளிக்கும் போய்வருபவர்கள் மறக்கக் கூடாது. ஏற்காடு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் முப்பது கிலோமீட்டர்தான். மூட்டத்தில் வாசிக்கும்போது முறுக்கிய வில்லை அப்படியே பெட்டியில் வைத்து மலை இறங்கினால், கீழே வறண்ட வெயிலில் முடி குறுகிக் குச்சியை வளைக்கும். குச்சி வளைவை இழக்கும், மோசமானால் தலை ஒடியும். இறங்கும் முன் முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். கோடையில் மூடிய காருக்குள் ரோஸின் டப்பாவையும் வில்லையும் ஒரே பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சுத்தமான முடியில் ரோஸின் இருக்காது, தந்தி மேல் சத்தமின்றி வழுக்கும். பயப்பட வேண்டாம். முதல் தடவைக்குப் பத்துப் பதினைந்து இழுப்புத் தேவைப்படும். பாஸ் ரோஸினை வயலின்காரர்கள் போல முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஃப்ராக்கிலிருந்து தலைவரை ஒரே திசையில் இழுத்து, வில்லைத் தூக்கி, திரும்பவும் ஃப்ராக்கிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் இளகிய ரோஸின் முடியைக் கவ்விக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது கட்டியாக வரும். அதன் பிறகு அன்றாடம் இரண்டு மூன்று இழுப்புப் போதும். பாப்ஸ் என்ற பிராண்டு போன்ற இளக்கமான ரோஸின் குளிர்ந்த மலைக்குப் பொருத்தம். சேலத்துக் கோடைக்குக் கடினமான வகைதான் சரி. கோல்ஸ்டைன் போன்ற பிராண்டுகள் இளக்கம், கடினம் என்று தனித்தனியாகவே கிடைக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது துடைக்காமல் மேலேயே போட்டால் இரண்டும் கலந்து எதன் குணமும் இல்லாத ஒரு பசையாகும். வில்லைத் துடைக்கச் சரியான தருணம் ரோஸின் மாற்றும் நாள்தான்.

தந்தியிலும் இதே பிசுக்கு இருக்கும். விரல்பலகை முடியும் இடத்துக்கும் குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் மரப் பாலம்) நடுவில் தந்தியைச் சுற்றிச் சாம்பல் உறை போல. அதை எடுக்காவிட்டால் சுத்தமான முடி இரண்டு நாளில் பழைய நிலைக்குப் போகும். உலோகத் தந்திக்கு, கீழே பாஸின் உடம்பை ஒரு தடித்த துண்டால் முழுக்க மூடிவிட்டு, ஐபிஏ தொட்ட துணியால் தந்தியை மட்டும் கவ்வி இழுங்கள். விரல்பலகைப் பக்கம் போகாதீர்கள், சாயம் ஏற்றிய கறுப்பாக இருந்தால் சாயம் கையோடு வரும். குடல் தந்திக்கு ஆல்கஹால் ஆகாது, உலர்ந்த துணி மட்டும்.

தினசரி வாசிப்பவருக்கு வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் முடியின் அடிப்பக்கத்தையும் குச்சியையும் ஒரு துடைப்பு, வாரம் ஒருமுறை பிரஷ், நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஐபிஏ. அதற்கு மேல் அடிக்கடி கூடாது. ஆல்கஹால் முடியின் இயற்கையான பசையையும் இழுத்து வறட்டும், வறண்ட முடி பொட்டென்று அறும். சுத்தம் செய்து, காய்ந்து, புது ரோஸின் போட்டு ஒரு மணி நேரம் வாசித்த பிறகும் பழைய இடத்திலேயே வழுக்குகிறது என்றால் குற்றம் ரோஸினில் இல்லை, முடி தேய்ந்துவிட்டது. ஒரு ஓரத்து முடிகள் மட்டும் அறுந்து பட்டை பாதியாகிவிட்டாலும் துடைத்துப் பயனில்லை, அந்தச் சாய்ந்த இழுவிசை குச்சியைக் கோணலாக்கும். இரண்டுக்கும் முடி மாற்றுவதுதான் வழி. வில்லை முடி மாற்ற அனுப்பும்போது எந்த ரோஸின் போடுகிறீர்கள், மலையில் வாசிக்கிறீர்களா சமவெளியிலா என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். முடியை எவ்வளவு நீளமாக விடுவது என்பதை முடி மாற்றுபவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.